பதினாறு லென்த்

நாற்பத்திரண்டு வயது வரை, என்னைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் யோசிக்காமல் சொல்லக்கூடிய பதில்கள் சில என்னிடம் இருந்தன. காபிக்குச் சர்க்கரை வேண்டாம். பேய்ப் படம் பார்க்க மாட்டேன். நீச்சல் வராது.

முதல் இரண்டும் விருப்பு வெறுப்பு. மூன்றாவதையும் அதே குரலில்தான், ரத்த வகையைச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டிருந்தேன். வங்கியிலிருந்து எல்லோரும் பிச்சாவரம் போனபோது நான் படகில் ஏறவில்லை. கரையில் உட்கார்ந்து எல்லோருடைய கைப்பைகளுக்கும் காவல் இருந்தேன். யாரும் வற்புறுத்தவில்லை. "அவங்களுக்கு நீச்சல் வராதுப்பா" என்று எனக்காக இன்னொருவரே சொல்லிவிட்டார். எவ்வளவு வசதி!

தமிழில் இந்த 'வராது' ஒரு விசித்திரமான சொல். கணக்கு வராது, பாட்டு வராது, இந்தி வராது, கோலம் வராது. வந்து சேர வேண்டியது அதன் பொறுப்பு என்பது போலவும், நாம் திண்ணையில் உட்கார்ந்து வழி பார்த்து ஏமாந்துபோனது போலவும் சொல்கிறோம். நீச்சல் என்னிடம் வரவில்லை என்று முப்பது வருடம் சொல்லிக்கொண்டிருந்த நான், நீச்சல் இருக்கும் இடத்துக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை.

போகாததற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர் வத்தலக்குண்டுப் பக்கம். கடல் கிடையாது, கிணறுகள் உண்டு. எங்கள் தோட்டத்துக் கிணறு படி வைத்துக் கட்டிய பெரிய சதுரக் கிணறு. கோடை விடுமுறையில் சித்தப்பா அண்ணன்களின் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தண்ணீரில் தள்ளிவிடுவார். நாலு நாள் குடுக்கையோடு அடிப்பார்கள். ஐந்தாம் நாள் அவிழ்த்துவிடுவார். ஒரு வாரத்தில் மோட்டார் ரூம் மொட்டைமாடியிலிருந்து குதிக்க ஆரம்பித்துவிடுவார்கள். நானும் அக்காவும் மேலே நின்று அவர்களுடைய சட்டைகளைப் பிடித்துக்கொண்டிருப்போம். கைப்பைக்குக் காவல் இருக்கும் பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

எனக்கு ஏழு வயதானபோது பெரியம்மா மகளை அந்தக் கிணற்றிலிருந்துதான் எடுத்தார்கள். படியில் வழுக்கிவிட்டது என்றார்கள். அதற்குமேல் அதைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றுவரை ஒரு வார்த்தை பேசப்பட்டதில்லை. அன்றிலிருந்து, "பொம்பளப் பிள்ளைக எவளும் கிணத்துப் பக்கம் போகக் கூடாது" என்பது அம்மாவின் சட்டம். அண்ணன்கள் போகலாம். அவர்களுக்கு நீச்சல் தெரியுமே.

இந்த ஏற்பாட்டில் உள்ள ஓட்டை ஏழு வயதில் தெரியவில்லை. இருபது வயதிலும் தெரியவில்லை. அம்மாவின் பயம் மெல்ல மெல்ல என் குணமாக மாறிவிட்டது. 'போகக் கூடாது' என்று காதில் விழுந்ததை 'வராது' என்று வாயால் சொல்லப் பழகிவிட்டேன்.

*

தண்ணீரில் இறங்கியதற்குக் காரணம் லட்சியமெல்லாம் இல்லை, மூட்டு வலி. 2017ல் இடது முட்டி வீங்கி, நடைப்பயிற்சியை நிறுத்தச் சொன்ன மருத்துவர், "ஸ்விம்மிங் போங்க" என்றார். "எனக்கு நீச்சல் வராது டாக்டர்" என்றேன். அவர் சீட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "கத்துக்கிட்டா வரும்" என்றார். இவ்வளவுதான். இதைச் சொல்லவா ஒரு மருத்துவர் வேண்டியிருந்தது என்று பிற்பாடு தோன்றியது.

சென்னையில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் ஒரு நீச்சல்குளம். காலை ஆறிலிருந்து ஏழு வரை பெண்கள் நேரம். கோச் இருபத்து நாலு வயதுப் பெண். முதல் நாள் என்னை "ஆன்ட்டி" என்று கூப்பிட்டாள். தண்ணீர் பயத்தைவிட அதுதான் அதிகம் வலித்தது. (மூன்றாவது வாரத்தில் "அக்கா" ஆனேன். அதற்காகவே தொடர்ந்து போனேன் என்றுகூடச் சொல்லலாம்.)

முதல் பத்து நாள் குழாய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூஞ்சியைத் தண்ணீருக்குள் வைத்து ஊதுவது மட்டும்தான் வேலை. பக்கத்தில் ஆறு வயதுக் குழந்தைகள் அதையே செய்துகொண்டிருந்தார்கள், என்னைவிட நன்றாக. எனக்குத் தெரிந்த தண்ணீர் பயம் ஒன்றே ஒன்றுதான்: மூழ்கிவிடுவோம் என்பது. ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உடம்பைத் தளர்த்திப் படுத்தால் மூழ்குவதுதான் கஷ்டம். நுரையீரல் நிறையக் காற்று இருக்கும்போது உடம்பு தானாக மேலே வந்துவிடுகிறது. தலையைத் தூக்கினால் இடுப்பு இறங்குகிறது, பயந்தால் தலையைத் தூக்குகிறோம். ஆக, மூழ்கவைப்பது பெரும்பாலும் பயம்தான். கோச் இதை இருநூறு தடவை சொல்லியிருப்பாள். உடம்புக்குப் புரிய இரண்டு மாதம் ஆனது.

ஒரு வருடத்தில் ப்ரீஸ்டைல் ஓரளவுக்குப் படிந்தது. இருபத்தைந்து மீட்டர் குளத்தில் பதினாறு லென்த், அதாவது நானூறு மீட்டர் நிற்காமல் போக முடிந்தது. பதினாறு முடிந்ததும் கை கனத்துவிடும், தோள் எரியும், நின்றுவிடுவேன். வேகமாகப் போனாலும் பதினாறு, மெதுவாகப் போனாலும் பதினாறு. முந்தின நாள் சரியாகத் தூங்காவிட்டாலும் பதினாறு. அதுதான் என் அளவு என்று எனக்குள் முடிவாகிவிட்டது. வயது, உடல்வாகு, எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் வரும் விடை.

அப்புறம் ஒருநாள் எங்கள் குளத்தை வெள்ளையடிக்க மூடிவிட்டார்கள். கோச் எங்களை வேறொரு குளத்துக்கு அழைத்துப் போனாள். அது பெரிய குளம். நீந்த ஆரம்பித்தேன். பதினான்காவது லென்த்தில் கை கனத்தது. 'இன்றைக்கு இரண்டு குறைகிறதே, புது இடம், சரி' என்று நினைத்துக்கொண்டு, பிடிவாதத்தில் மீதி இரண்டையும் முடித்துவிட்டுத் திட்டில் கைவைத்து நின்றேன். கோச் கையில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"அக்கா, இது அம்பது மீட்டர் பூல்."

எண்ணூறு மீட்டர். முந்தின நாள் வரை நானூறில் எரிந்த அதே தோள். கண்ணுக்குத் தெரியாமலா இருந்தது, பெரிய குளம் என்று தெரியும். இரட்டிப்பு என்று மட்டும் உறைக்கவில்லை. என் உடம்பு தூரத்தை எண்ணவில்லை, என்னோடு சேர்ந்து லென்த்தை எண்ணியிருக்கிறது. பதினாறு என்ற எண் வந்ததும் 'கடையைக் கட்டு' என்று யாரோ உள்ளேயிருந்து சொல்லியிருக்கிறார்கள்.

அது யார் என்று பிறகு தேடிப் படித்தேன். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த உடலியல் அறிஞர் டிம் நோக்ஸ் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். தசை முழுக்கத் தீர்ந்துபோன பிறகு களைப்பு வருவதில்லை, அதற்கு முன்பே பாதுகாப்புக்காக மூளை வேகத்தைக் குறைக்கிறது என்பது அவர் வாதம். எவ்வளவு களைத்த ஓட்டக்காரரும் கடைசிச் சுற்றில் வேகமெடுக்கிறாரே, தசை உண்மையிலேயே தீர்ந்திருந்தால் அது எப்படி என்று கேட்கிறார். இந்தக் கருத்தை ஏற்காத உடலியலாளர்களும் உண்டு, தசையிலேயே நடக்கும் மாற்றங்களை அவர்கள் காட்டுவார்கள். சண்டையில் யார் பக்கம் ஜெயிக்கும் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. எனக்குத் தெரிந்தது அந்தப் பதினாறு மட்டும்தான்.

*

"அக்கா, அடுத்த வருஷம் கடல்ல அஞ்சு கிலோமீட்டர் பண்ணலாமே" என்றாள் கோச், ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே. ஐந்து கிலோமீட்டர் என்றால் எங்கள் குளத்தில் இருநூறு லென்த். சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

எனக்குக் குறிக்கோள், இலக்கு என்ற சொற்களிலேயே ஓர் ஒவ்வாமை உண்டு. வங்கியில் வேலை பார்ப்பவர்களுக்குப் புரியும். எங்களுக்கு 'டார்கெட்' என்பது மார்ச் மாதத்தில் மேலேயிருந்து விழும் ஒன்று. யார், எந்தக் கணக்கில் போட்டார்கள் என்று தெரியாது. எட்டினால் அடுத்த வருடம் கூட்டுவார்கள், எட்டாவிட்டால் கூப்பிட்டுக் கேட்பார்கள். இதற்கு நடுவே எங்களை ஊக்குவிக்க ஒருவரை அழைத்து வருவார்கள். அவர் கழுத்தில் மைக்கை மாட்டிக்கொண்டு ரோஜர் பேனிஸ்டர் கதையைச் சொல்லுவார். நான் கேட்ட நாலு பேச்சாளர்களில் மூன்று பேர் அதைச் சொன்னார்கள். ஒரு மைல் தூரத்தை நாலு நிமிடத்துக்குள் மனிதனால் ஓட முடியாது என்று உலகமே நம்பியது, பேனிஸ்டர் மட்டும் நம்பவில்லை, ஓடிக் காட்டினார், அந்தச் சுவர் உடைந்ததும் எல்லோரும் ஓடினார்கள், ஆகவே வைப்புத்தொகையைக் கூட்டுங்கள்.

கதையில் பாதி உண்மை. 1954 மே 6ல் ஆக்ஸ்போர்டில் பேனிஸ்டர் 3 நிமிடம் 59.4 நொடியில் ஓடினார். 46 நாள் கழித்து ஆஸ்திரேலியாவின் ஜான் லேண்டி பின்லாந்தில் அதையும் முறியடித்தார். ஆனால் மீதிப் பாதியை மைக் ஆசாமிகள் விட்டுவிடுவார்கள். ஸ்வீடனின் குண்டர் ஹேக்கும் ஆர்னே ஆண்டர்சனும் 1942லிருந்து 1945க்குள் மாறி மாறி ஓடி, அந்தச் சாதனையை 4 நிமிடம் 1.4 நொடிக்குக் கொண்டு வந்திருந்தார்கள். ஐரோப்பாவின் பெரும்பகுதி போரில் எரிந்துகொண்டிருந்தது, ஸ்வீடன் அதில் சேரவில்லை. அவர்கள் விட்ட இடத்துக்கும் நாலு நிமிடத்துக்கும் நடுவே இருந்தது ஒன்றரை நொடி. பேனிஸ்டர் மருத்துவ மாணவர். எந்தச் சுற்றை எத்தனை நொடியில் ஓட வேண்டும் என்று கணக்குப் போட்டு, முன்னால் ஓடி வேகம் பிடித்துக் கொடுக்க பிராஷர், சாட்டவே என்று இரண்டு நண்பர்களை வைத்துக்கொண்டு ஓடினார். நம்பிக்கை இல்லாமலா? இருந்திருக்கும். கூடவே ஸ்டாப்வாட்சும் இருந்தது.

எனக்குப் பேனிஸ்டர் மேல் கோபமில்லை. அதே 1954ல், அவருக்கு ஆறு வாரம் முன்பு நடந்த ஒன்றை எந்தப் பேச்சாளரும் சொல்லவில்லையே என்றுதான் ஆதங்கம். யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறைச் சேர்ந்த நவரத்தினசாமி, மார்ச் கடைசியில் வல்வெட்டித்துறைக் கடலில் இறங்கி நீந்தத் தொடங்கினார். 27 மணி நேரம் கழித்துக் கோடியக்கரையில் ஏறினார். பாக் நீரிணையை நீந்திக் கடந்த முதல் மனிதர் அவர்தான். அன்று ராத்திரி கோடியக்கரை விளக்கைப் பார்த்துக்கொண்டு என்ன நினைத்திருப்பார் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். விளக்கு தெரிந்துகொண்டே இருக்கும், கரை வராது. கடலில் அதுதான் கொடுமை.

கோச் சொன்ன அன்று ராத்திரி இதையெல்லாம்தான் படித்துக்கொண்டிருந்தேன். அதில் என்னைப் பிடித்துக்கொண்டவர் மிஹிர் சென். வங்காளி, சட்டம் படிக்க இங்கிலாந்து போனவர். ஆங்கிலக் கால்வாயை நீந்திய அமெரிக்கப் பெண் புளோரன்ஸ் சாட்விக்கைப் பற்றிப் படித்துவிட்டு, தானும் நீந்த வேண்டும் என்று முடிவுசெய்தார். அப்போது அவருக்கு நீச்சல் அனுபவமே கிடையாது என்று சொல்லலாம். ஒய்எம்சிஏவில் போய்க் கற்றுக்கொண்டார். கால்வாயில் இறங்கித் தோற்றார், மறுபடி இறங்கினார், மறுபடி தோற்றார். 1958 செப்டம்பரில் கடந்தார், 14 மணி 45 நிமிடத்தில். 1966 ஏப்ரலில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். அதே வருடம் ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ், பனாமா கால்வாய் என்று மொத்தம் ஐந்து. அந்த ஐந்தை 1994ல் முறியடித்து ஒரே வருடத்தில் ஆறு கடல்வழிகளைக் கடந்தவர் நம் குற்றாலீஸ்வரன், பன்னிரண்டு வயதுப் பையன். அவர் படம் எங்கள் கல்லூரி நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தது. ஆனால் பன்னிரண்டு வயதுப் பையன் கடலை நீந்தினான் என்பது எனக்கு உதவவில்லை, மலைப்புதான் வந்தது. வளர்ந்த பிறகு நீச்சல் கற்றுக்கொண்ட, இரண்டு மூன்று தடவை தோற்ற வக்கீல்தான் உதவினார். மாதிரிக்கு ஆள் தேடும்போது ரொம்ப உயரத்தில் தேடக் கூடாது போல.

*

'முடிஞ்சதைச் செய்' என்று நம் வீடுகளில் சொல்வோம். அன்பான வார்த்தைதான். எட்வின் லாக், கேரி லேதம் என்ற இரு உளவியலாளர்கள் இந்த வார்த்தையைப் பல்லாண்டு ஆராய்ந்தவர்கள். அவர்கள் கண்டது: முடிந்ததைச் செய் என்று விடப்படுபவர்களைவிட, கடினமான, தெளிவான ஓர் எண் கொடுக்கப்படுபவர்கள் அதிகம் செய்கிறார்கள். எனக்குப் பிடித்தது லேதமின் லாரிக் கதை. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் மரக்கட்டை ஏற்றும் லாரிக்காரர்கள், சட்டம் அனுமதிக்கும் எடையில் கிட்டத்தட்ட 60 சதவீதம்தான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முடிந்தவரை ஏற்றுங்கள் என்றுதான் அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். பிறகு 94 சதவீதம் என்று ஓர் எண்ணைச் சொன்னார்கள். கூடுதல் கூலி இல்லை, எட்டாவிட்டால் தண்டனையும் இல்லை. சில மாதங்களில் 90 சதவீதத்தைத் தொட்டுவிட்டார்கள். ஆய்வு வெளிவந்தது 1975ல்.

இதைப் படித்ததும் எங்கள் மண்டல அலுவலகம் இதை மட்டும் படித்துவிடக் கூடாதே என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அதே ஆட்கள் இன்னொன்றையும் சொல்கிறார்கள். அந்த எண்ணை ஆள் மனதார ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும், அதைச் செய்யும் திறமையோ கற்றுக்கொள்ள அவகாசமோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை செய்யாது. மார்ச் மாத டார்கெட்டுக்கும் என் ஐந்து கிலோமீட்டருக்கும் வித்தியாசம் அங்கேதான் இருந்தது. ஐந்தை யாரும் என் மேல் போடவில்லை. ஒருத்தி தலை துவட்டிக்கொண்டே சொன்னாள், அதை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். எட்டாவிட்டால் கூப்பிட்டுக் கேட்கவும் ஆளில்லை.

பீரோவின் உள்பக்கக் கதவில் '5000' என்று எழுதிய ஒரு தாளை ஒட்டினேன். வெளியே ஒட்டத் துணிச்சல் இல்லை. வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு ஏதோ சீட்டுப் பணம் என்று நினைத்து இரண்டு நாள் ஒன்றும் கேட்காமல் இருந்தார்.

இருநூறு லென்த்தை எண்ணினால் மறுபடி பதினாறின் கதைதான் நடக்கும் என்று கோச்சுக்குத் தெரிந்திருந்தது. எண்ணக் கூடாது என்றாள். நிமிடம்தான் கணக்கு. முதல் மாதம் இருபத்தைந்து நிமிடம், அடுத்த மாதம் முப்பத்தைந்து. சனிக்கிழமை மட்டும் நீளமான நீச்சல். இரண்டாவது சனிக்கிழமையே கவனித்தேன், சுமார் இருபதாவது நிமிடத்தில் ஒரு குரல் வரும். 'போதும், வீட்டில் மாவு ஆட்டவில்லை.' எப்போதும் ஒரு நியாயமான, குடும்பப் பாங்கான காரணத்தோடுதான் வரும். பதில் சொல்லாமல் விட்டால் முப்பதாவது நிமிடத்தில் போய்விடும். அதற்கப்புறம் கை தானாகச் சுழலும். நாற்பது, ஐம்பது என்று போகும்போது மனதில் ஒன்றுமே ஓடாது. பதினெட்டு வருட இல்லற வாழ்க்கையில் அப்படி ஒரு வெற்றிடத்தை நான் பார்த்ததில்லை.

*

2019 மார்ச். சென்னைக்குத் தெற்கே, கோவளம் பக்கம். வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து, கோடைக்காற்று ஏறுவதற்கு முன் கடல் கொஞ்சம் படிந்திருக்கும் காலம் அது. பாக் நீரிணையைக் கடந்தவர்களில் பலர் மார்ச், ஏப்ரலில் இறங்கியதற்கும் இதுதான் காரணம். கரைக்கு இணையாகத் தெற்கிலிருந்து வடக்கே ஐந்து கிலோமீட்டர் என்பது திட்டம். எங்களோடு ஒரு பைபர் படகு. படகுக்கார அண்ணனுக்கு அறுபது வயதிருக்கும். எங்கள் கோச்சின் வாட்ச், ஆப், அலை வரைபடம் எல்லாவற்றையும் மரியாதையாகப் பார்த்துவிட்டு, ஒரு காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு நின்றார்.

அந்தக் கரையில் கடல் நீரோட்டத்துக்குப் பெயர் உண்டு. தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே வந்தால் வன்னி. இந்த மாதத்தில் தெண்டிதான் ஓடும், உங்களைத் தள்ளிக்கொண்டு போகும் என்றார் அண்ணன். அன்று காலையும் தெண்டிதான் ஓடியது.

கடலில் கோடு இல்லை. குளத்தின் அடியில் கறுப்புக் கோடு இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே போகலாம். கடலில் மூஞ்சியை உள்ளே வைத்தால் பழுப்பு, வெளியே எடுத்தால் வெளிச்சம். சொறிமீன் ஒன்று முழங்கையில் தீற்றிவிட்டுப் போனது, மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது. பரவாயில்லை. முதல் இரண்டு கிலோமீட்டர் நம்ப முடியாத வேகத்தில் போனேன். நான் இவ்வளவு கெட்டிக்காரியா என்று நினைத்தேன். அண்ணன் சொன்ன தெண்டியை அந்த நேரத்தில் சுத்தமாக மறந்துவிட்டேன். நன்றாக நடக்கும்போது யாருக்கும் நீரோட்டம் ஞாபகம் வருவதில்லை.

மூன்று கிலோமீட்டர் தாண்டியதும் இடதுபக்கம் மூச்செடுக்கும்போதெல்லாம் கரையில் ஒரு பச்சைக் கட்டடம் தெரிந்தது. அதை அடையாளமாக வைத்துக்கொண்டேன். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தேன், பச்சைக் கட்டடம். இன்னும் பத்து நிமிடம். அதே கட்டடம், அதே ஜன்னல், மாடியில் காயப்போட்ட அதே சிவப்புத் துண்டு. கை சுழல்கிறது, மூச்சு சீராக இருக்கிறது, துண்டு நகர மாட்டேன் என்கிறது.

"வன்னி திரும்பிருச்சும்மா" என்றார் அண்ணன் படகிலிருந்து. "வா, ஏறு."

"இன்னும் கொஞ்சம் பார்க்கிறேன்ண்ணே."

"நீ பாத்துக்கினே இரு. கடலும் பாத்துக்கினே இருக்கும்."

ஏறினேன். 3.4 கிலோமீட்டர். படகில் உட்கார்ந்து அழுதேன். கோச் ஒன்றும் சொல்லாமல் குளுக்கோஸ் தண்ணீரைக் கொடுத்தாள்.

நம்மை நாமே கட்டிப்போட்டுக்கொள்ளும் கயிறுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள், எல்லாக் கயிறும் அந்த வகைதான் என்று சொல்லிவிடுகிறார்கள். அன்றைக்கு நான் கற்றது அது அப்படி இல்லை என்பதைத்தான். பதினாறாவது லென்த்தில் நான் நின்றபோது எனக்கு மூச்சு வாங்கவில்லை, எண் வந்தது, நின்றேன். கடலில் எந்த எண்ணும் இல்லை. உடம்பு வேலை செய்துகொண்டுதான் இருந்தது, தண்ணீர் எதிர்ப்பக்கம் போனது. இரண்டுமே உள்ளே 'முடியவில்லை' என்ற ஒரே சொல்லாகத்தான் கேட்கின்றன. எது எது என்று பிரித்துச் சொல்ல, சில நேரம் தண்ணீரில் கால் வைத்துப் பழகிய இன்னொருவர் வேண்டியிருக்கிறது.

வல்வெட்டித்துறையின் ஆனந்தனை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. குமார் ஆனந்தன், தொழில் வக்கீல். 1971ல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி, அங்கிருந்து திரும்பியும் நீந்தி, 51 மணி நேரத்தில் போய்வந்தவர். ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றார், 128 மணி நேரம் இடைவிடாமல் ட்விஸ்ட் நடனம் ஆடினார். ஏழு கின்னஸ் சாதனைகள். தனக்கு எல்லை என்ற ஒன்றை வைத்துக்கொள்ளாத மனிதர் யார் என்று கேட்டால் நான் அவரைத்தான் சொல்வேன். 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்தப் போனார். அந்தக் கடலிலேயே இறந்துபோனார். பாக் நீரிணையின் வெதுவெதுப்பான தண்ணீர் வேறு, கோடையிலும் பதினாறு பதினேழு டிகிரியில் இருக்கும் அந்தக் கால்வாய் வேறு. குளிர்ந்த நீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக உறிஞ்சிவிடும். அவர் கதையை வைத்து 'அளவுக்கு மீறி ஆசைப்படாதே' என்று யாராவது பாடம் நடத்தினால் எனக்குக் கோபம் வரும். அவரை வைத்து 'எல்லையே இல்லை' என்று சுவரொட்டி அடித்தாலும் வரும். ஆனந்தனைப் பற்றிப் பேசும்போது எனக்குக் குரல் கொஞ்சம் தாழ்ந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

*

அடுத்த வருடம் மறுபடி இறங்கலாம் என்றிருந்தோம். 2020 மார்ச்சில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். குளம் மூடிக் கிடந்தது. மொட்டைமாடியில் ரப்பர் கயிற்றைத் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கட்டி இழுத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு மாமி என் வீட்டுக்காரரிடம் ஜாடையாக நலம் விசாரித்தார். மறுபடி குளத்தில் இறங்கியபோது எட்டு லென்த்துக்கே மூச்சு வாங்கியது. இந்தத் தடவை அது உண்மையான மூச்சு. வித்தியாசம் தெரிந்ததில் ஒரு சின்ன சந்தோஷம்கூட.

2022 மார்ச்சில் அதே இடத்தில் ஐந்து கிலோமீட்டரை முடித்தேன். 2 மணி 51 நிமிடம். இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், நன்றாக நடந்த காரியத்தில் கதை குறைவு. முந்தின நாள் ராத்திரியே அண்ணனுக்குப் போன் செய்து தெண்டியா வன்னியா என்று கேட்டுக்கொண்டோம். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்: பச்சைக் கட்டடத்துக்கு இப்போது வெள்ளைப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். தேடிக்கொண்டே போனதில் அதைத் தாண்டியதே தெரியவில்லை.

அம்மாவிடம் போனில் சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமில்லை. அப்புறம், "அங்க எம்புட்டு ஆழம் இருக்கும்?" என்றாள். எட்டு, பத்து மீட்டர் என்றேன். "நம்ம கிணத்தளவுதான்" என்றாள். வைத்துவிட்டாள்.

அந்த மே மாதம் ஊருக்குப் போனபோது கிணற்றில் தண்ணீர் இருந்தது. முந்தின ஐப்பசி கார்த்திகையில் நல்ல மழை. அண்ணன்கள் யாரும் இப்போது இறங்குவதில்லை. ஒருவருக்கு முதுகு, இன்னொருவருக்குச் சர்க்கரை. நான் இறங்கலாமா என்று அம்மாவிடம் கேட்கவில்லை. காலையில் நீச்சல் உடைக்கு மேல் நைட்டியை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பினேன். பின்னாலேயே அம்மாவும் வந்தாள், கையில் வாளிக்கயிறு. அதன் ஒரு முனையை வேப்பமரத்தில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினாள். மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு மேல்படியில் உட்கார்ந்தாள். நாற்பது வருடத்தில் அவள் அந்தப் படியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

படிகளில் பாசி இருந்தது. ஒவ்வொன்றாக இறங்கினேன். தண்ணீர் குளத்தைவிடக் குளிர்ச்சி. சுவருக்குச் சுவர் எட்டுக் கையிழுப்புதான், திரும்பிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. ஒரு புறா பொந்திலிருந்து படபடவென்று கிளம்பிப் போனது. மேலே அம்மா ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். காதைக் கொடுத்துக் கேட்டபோது எண்ணிக்கொண்டிருந்தாள். பதினொன்று, பன்னிரண்டு. இருபதைத் தாண்டியதும் எங்கேயோ விட்டுவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.

"போதும் பாப்பா, வெயில் ஏறுது" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. கயிற்றை மட்டும் விடவில்லை.